துண்டு போட்ட இடம்

உக்காருங்க சார். அந்தத் துண்டை எடுத்து எங்கிட்ட குடுத்துட்டு உக்காருங்க. ஆள் வருதான்னு கேட்டீங்களே, வந்தாச்சு. வந்து, இந்த இடத்தைத் தாண்டிப் போயும் ஆச்சு. வேலூர்ல ஏறினதுல இருந்து இந்த ஒரு சீட்டுக்காக ஏழெட்டுப் பேர்கிட்ட வாய்ச்சண்டை. பள்ளிகொண்டாவுல ஒரு அம்மா சாபமே குடுத்துட்டுப் போச்சு. கண்டக்டர் வேற, ஆளில்லாத சீட்டுக்கு எதுக்குய்யா டிக்கெட்டுன்னு மூஞ்சியச் சுளிச்சான். இப்ப வாணியம்பாடி வந்தாச்சு. இனிமே யாருக்காகப் பிடிச்சு வெக்கிறது? நீங்க உக்காருங்க.

கரையைப் பார்க்காதீங்க, கட்சித் துண்டு இல்ல. வெறும் காப்பிக் கலர். எங்க இறங்கணும், கிருஷ்ணகிரியா? அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. நான் கொஞ்சம் பேசற ஆளு. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஆனா பேசுவேன்.

அதோ பாருங்க, டிரைவர் பக்கம், மூணு பேர் உக்கார்ற சீட்டு, முன்னால இருந்து நாலாவது. வழியோரமா நீலச் சுடிதார், முடியைக் குட்டையா வெட்டிக்கினு ஒரு பொண்ணு. அதான் எம் பொண்ணு. எப்சிபா. பைபிள் பேரு. வீட்டுல எப்சி. போஸ்டர்ல ‘ஆம்பூர் எப்சி’ன்னு போட்டாங்க. ஆமா, போஸ்டர்தான். பாக்ஸிங் ஆடினவ சார் அவ. மெடலுக்கு ஆடறது இல்ல, ப்ரொபெஷனல். தலைக்கு கவசம் கிடையாது, காசுக்கு ஆடறது. ஒம்பது ஆட்டம் ஆடினா, எட்டு ஜெயிச்சா. கடைசி ஆட்டமும் ஜெயிச்சதுதான். அத்த நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அவளுக்குத்தான் இந்தத் துண்டு போட்டேன். பதினாலு மாசமா எங்கிட்ட பேச்சு கிடையாது. என் தங்கச்சி ராகேல் வீட்டுக் கல்யாணத்துக்கு பெங்களூர்ல இருந்து வந்தா. ரெண்டு தெரு தள்ளி எங்க வீடு. வாசப்படி மிதிக்கல. கல்யாணத்துல அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பந்தியில தண்ணி ஊத்தினா, பாதி டம்ளர்ல, பாதி இலையில. கவனம் எங்கயோ. திங்கக்கிழமை காலையில ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போறான்னு ராகேல் என் காதுல போட்டுது. இந்த பஸ்ஸு ஆம்பூர் வர்றப்பவே நிரம்பிடும். அதனால நான் விடியறதுக்குள்ள வேலூர் போய், அங்கயே ஏறி, துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கினு வந்தேன். பெங்களூர் வரைக்கும் நாலு மணி நேரம். பக்கத்துல உக்காந்தா பேசாமலா போயிடுவா? அப்படித்தான் கணக்கு போட்டேன்.

ஆம்பூர்ல பின்படியில ஏறினா. நான் இதே ஜன்னலோரம். இந்தா, இந்தக் கம்பியைப் பிடிச்சா. முழங்கை என் துண்டு மேல உரசிச்சு சார். நேராப் பார்த்துக்கினே முன்னாடி போயிட்டா. பெத்த அப்பனை ஒரு பார்வை பார்க்கல.

கூப்பிடலையான்னு கேக்கறீங்களா? நான் எதுக்குக் கூப்பிடணும். துண்டு கிடக்குது, அவ பொறந்ததுல இருந்து பார்த்த துண்டு. அதுவே கூப்பிட்ட மாதிரிதானே.

என் பேரு சாலமோன். ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் சாலமோன் மாஸ்டர்னு கேட்டா சொல்லுவாங்க. பட்டாளத்துல ஒம்பது வருஷம் இருந்தேன், அங்க கத்துக்கினதுதான் குத்துச்சண்டை. வந்து தோல் பதனிடற ஷாப்புல வேலை, சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னாடி கிரவுண்டுல பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். இவ அம்மா இவளுக்குப் பதினோரு வயசு இருக்கறப்ப மஞ்சக்காமாலையில போயிட்டா. வீட்டுல தனியா விடக் கூடாதேன்னு கிரவுண்டுக்குக் கூட்டிக்கினு போனேன். ஓரமா உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுன்னேன். ஒரு நாள் பார்க்கறேன், பசங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததை செவுத்து நிழலோட ஆடிக்கினு இருக்கு. காலு எப்படிப் போச்சுங்கறீங்க. ஆறு மாசத்துல பசங்க இவகூட ஆட மாட்டேன்னு அழுதானுங்க. பொட்டப்புள்ளைக்கு மூஞ்சி போனா யாரு கட்டுவான்னு ராகேல் கத்தும். எம் பொண்ணு மூஞ்சியத் தொட்டாத்தானே போறதுக்குன்னு சொல்லுவேன்.

ஒரே குறை, இடது கை இறங்கும். குத்திட்டுத் திரும்பறப்ப கை கன்னத்துக்கு வரணும், இவளுக்கு நெஞ்சோட நின்னுடும். நூறு தடவை சொல்லியாச்சு. கடைசியில இந்த மாதிரித் துண்டை எடுத்து மணிக்கட்டையும் கழுத்தையும் சேர்த்துக் கட்டி, ஒத்தக் கையால ஆடுன்னு விட்டேன். மூணு மாசம். பக்கத்துல பார்த்தவங்க எல்லாம் பாவி மனுஷான்னாங்க. இவ ஒரு வார்த்தை குறை சொல்லல. கட்டுப்பா, நல்லா இறுக்கிக் கட்டுப்பான்னு கழுத்தை நீட்டுவா. அப்படி ஒரு பொண்ணு சார் அது.

ஸ்டேட் லெவல்ல ரெண்டு தடவை தங்கம். வேலை தர்றோம்னாங்க, தரல. ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கப் போனா. காலையில மெஷின், சாயங்காலம் கிரவுண்டு. அப்பதான் பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வந்து ப்ரொபெஷனலா ஆடறியான்னு கேட்டாரு. முதல் ஆட்டம் ஒரு கல்யாண மண்டபத்துல. மேடையில மணமக்கள் நாற்காலிகூட எடுக்கல, கீழ ரிங்கு. பாதிப் பேரு பொம்பளைங்க அரைக்கால் டவுசர்ல வர்றதைப் பார்க்க வந்தவன். ரெண்டாவது ரவுண்டுல இவ அடிச்சு அந்தப் பொண்ணு உக்காந்துடுச்சு பாருங்க. துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடினானுங்க சிரிச்சவனுங்க எல்லாம்.

துண்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சொல்லாம உங்களுக்கு விளங்காது.

எங்கப்பா தோல் ஷாப்புல கூலி. ஊர்த்தெரு வழியாப் போறப்ப தோள்ல துண்டு இருக்கக் கூடாது. எடுத்து இடுப்புல கட்டிக்கணும். செருப்பைக் கையில எடுத்துக்கணும். அவரு செய்த தோல்லதான் ஊர்க்காரன் கால்ல செருப்பு, ஆனா அவரு காலு வெறுங்காலு. நான் சின்னப் புள்ளையா பக்கத்துல நடந்துக்கினே பார்த்திருக்கேன். தெருமுனை வந்ததும் அவரு கை தானா தோளுக்குப் போகும். யாரும் சொல்லக்கூட வேணாம். பட்டாளத்துல இருந்து லீவுல வந்த முதல் நாளு, புதுத் துண்டு வாங்கித் தோள்ல போட்டுக்கினு அந்தத் தெருவுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு மூணு தடவை நடந்தேன். நாலு பேரு எழுந்து நின்னானுங்க. நான் நிக்கல. அன்னைக்குச் சொல்லிக்கினேன், எவனுக்காகவும் இது என் தோள்ல இருந்து இறங்காதுன்னு.

இப்ப பாக்ஸிங்ல ஒரு விஷயம் இருக்கு. ரிங்குல ஒரு மூலையில நம்ம ஆளுங்க நிப்போம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம். ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, தொடைச்சு அனுப்பறது. நம்ம ஆளால முடியல, அடி தாங்கலன்னா, மூலையில நிக்கிறவன் துண்டைத் தூக்கி உள்ள போடலாம். போட்டா ஆட்டம் முடிஞ்சுது, நாம தோத்தோம். வேடிக்கையைப் பாருங்க, பஸ்ஸுல துண்டு போட்டா இடம் நம்முளுது. அங்க துண்டு போட்டா இடம் போச்சு.

கடைசி ஆட்டம் பெங்களூர்ல. சாம்பியன் பெல்ட்டுக்கான ஆட்டம், எட்டு ரவுண்டு. எதிர்ல ஒரு தாய்லாந்துக்காரி. குள்ளம், ஆனா வலது கை இரும்பு. மூலையில நானும் பெஞ்சமினும். பெஞ்சமின் என் பழைய ஸ்டூடண்ட், பக்கெட்டு, தண்ணி எல்லாம் அவன் பொறுப்பு. மூணு ரவுண்டு நம்ம கையில. நாலாவதுல இடது கை இறங்குது. கத்தறேன், கை கை கைன்னு. கேட்டாத்தானே. அந்தக் குள்ளச்சி வலது கையை அதே இடத்துல வெக்கிறா, திரும்பத் திரும்ப, இடது கண்ணுக்கு மேல. இவ தப்புதானே அது? சொல்லுங்க. சின்ன வயசுல இருந்து கட்டிக் கட்டிச் சொல்லிக் குடுத்த கை.

அஞ்சாவது ரவுண்டு முடிஞ்சு வந்து ஸ்டூல்ல உக்காந்தா. கண்ணு வீங்கிப் போயிருந்துச்சு, பெஞ்சமின் ஐஸ் வெச்சான். அவ என் சட்டையப் பிடிச்சு இழுத்துச் சொன்னா:

“அப்பா, துண்டைப் போடுப்பா.”

போட்டேன் சார். எடுத்து அவ தோள் மேல போட்டேன். வேர்த்து நடுங்கிக்கினு இருந்தா, ஏசி வேற. குளிருதுன்னு நினைச்சேன். துண்டைப் போடுன்னா வேற என்னா அர்த்தம்? குளிச்சுட்டு வந்து சின்னப் புள்ளையா துண்டைப் போடுப்பான்னு நிப்பாளே, அந்த மாதிரிதான் எனக்குக் கேட்டுச்சு. தோள்ல போட்டு, கழுத்தைத் தொடைச்சு, மூணு ரவுண்டுதாண்டி கண்ணுன்னேன். அவ என்னைப் பார்த்தா. மணி அடிச்சுது. துண்டை எடுத்து என் தோள்ல போட்டுக்கினேன். அவ எழுந்து போனா.

இப்படித்தான் நடந்துச்சு. பெஞ்சமின் வேற மாதிரி சொல்லுவான். அவனை நம்பாதீங்க. ஆறாவது ரவுண்டுல அவன் என் தோள்ல கை வெச்சு துண்டை இழுத்தான் சார். மாஸ்டர், அவ கேட்டாளே மாஸ்டர்னு. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி என் தோள் மேல கை. நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் வேகமாவே பட்டுடுச்சு, விரல் வீங்கிப் போச்சாம். வீங்கட்டும்.

ஆனா ஜெயிச்சாளே. எட்டு ரவுண்டும் நின்னா. மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு இவளுக்கு. கையைத் தூக்கினாங்க, பெல்ட்டைக் கட்டினாங்க. எங்கப்பா இடுப்புல துண்டு கட்டிக்கினு நடந்தாரு, அவரு பேத்தி இடுப்புல தங்கக் கலர் பெல்ட்டு. அழுதேன் சார், நான் அழற ஆளு இல்ல. தோத்திருந்தா நீங்க என்னைக் கேளுங்க, எதுக்கு ஆட விட்டேன்னு. ஜெயிச்சவளை ஆட விட்டது தப்பா? துண்டைப் போட்டிருந்தா இந்த பெல்ட்டு ஏது?

இந்தப் பையிலதான் இருக்கு, தொட்டுப் பாருங்க. கனமா இல்ல? அவகிட்ட குடுக்கத்தான் எடுத்துக்கினு வந்தேன். ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போயிட்டா.

ஆமா, ஆஸ்பத்திரி. டிரெஸ்ஸிங் ரூம்ல பெஞ்சுல உக்காந்துக்கினு கேட்டா, “அப்பா, லைட்டைப் பாதி அணைச்சுட்டாங்களா?” யாரும் அணைக்கல. நல்லா எரியுது, எல்லா லைட்டும். பெஞ்சமின்தான் ஆட்டோ பிடிச்சான். கண்ணுக்குள்ள ஏதோ திரை கிழிஞ்சு வந்துடுச்சுன்னாங்க. ரெண்டு ஆபரேஷன். டாக்டருங்க ஒண்ணை ஒம்பதாத்தான் சொல்லுவாங்க சார். இடது கண்ணு அவ்வளவுதான்னாங்க. இனிமே ஆடக் கூடாதுன்னு லைசென்ஸையும் எடுத்துக்கினாங்க. இருபத்தாறு வயசுல. ஒரு வருஷம் போனா சரியாகியிருக்கும்னு நான் இன்னைக்கும் சொல்றேன். ராகேல்கூட கேட்டுது, இப்ப போய்ப் பேசி என்னாண்ணா, கண்ணு கெட்ட பிறகுன்னு ஒரு பழமொழி... விடுங்க. வாய்க்கு வந்தது எல்லாம் சொல்லும் அது.

முதல் ஆபரேஷன் முடிஞ்சு கட்டோட படுத்திருந்தா. நான் ஆரஞ்சு உரிச்சுக்கினு இருந்தேன். “நான் கேட்டேனேப்பா”ன்னா. மெதுவாத்தான். நான் என்னா சொன்னேன்? “என்னாம்மா கேட்ட”ன்னேன். அவ்வளவுதான் சார். அடிக்கல, திட்டல. என்னா கேட்டன்னு கேட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பேச்சு இல்ல. பெங்களூர்லயே ஒரு ஜிம்முல பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாளாம். இடது கை இறங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுப்பா, எங்கிட்ட கத்துக்கினதுதானே. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோவமா? வளர்த்த கடா மார்ல பாய்ஞ்ச கதை.

பாருங்க, பாருங்க, கண்டக்டர் பக்கத்துல நின்னு டிக்கெட்டு டிக்கெட்டுங்கறான். திரும்பறாளா பாருங்க. திமிர். ஆம்பூர்ல ஏறினவ, இன்னும் டிக்கெட்டு எடுக்கல. தோளைத் தட்டறான்... பார்த்தீங்களா? கை எப்படி மேல போச்சு பார்த்தீங்களா, இடது கை, கன்னத்துக்கு. அவனே ஒரு அடி பின்னாடி போயிட்டான். அன்னைக்குப் போகாத கை இப்ப தானாப் போகுது. என் பயிற்சி எங்கயும் போகல சார். ஆனா ஏன் அப்படித் திடுக்கிடறா? டிக்கெட்டுதானே கேட்டான். அவன் இவ்வளவு நேரம் பக்கத்துலயே...

இன்னா சார் சொல்றீங்க.

இல்ல. நீங்க நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொல்றீங்க. அவ என்னைப் பார்த்தா. பார்த்துட்டுத்தான் போனா. கோவக்காரி, எனக்குத் தெரியாதா என் பொண்ணை.

பின்படியில ஏறி முன்னாடி போறப்ப நான் எந்தப் பக்கம் இருந்தேன்னு நீங்க கணக்கு போடறீங்க. சரி, அவளுக்கு இடது பக்கம்தான். இருக்கட்டுமே. ஒரு சாண் தூரத்துல கிடக்கிற துண்டு தெரியாதா? முழங்கை உரசிச்சே. கோவமாப் போனா சார் அவ. கோவமாவே இருக்கட்டும். கோவம்னா எப்பவாவது ஆறும். ஆறாத கோவம் உண்டா உலகத்துல? நீங்க சொல்றது மாதிரி இருந்தா, அது எப்ப ஆறும், சொல்லுங்க.

கொஞ்சம் தண்ணி இருக்கா? இல்ல, வேணாம், எங்கிட்டயே இருக்கு.

பந்தியில தண்ணி ஊத்தினான்னு சொன்னேனே. ஒரு சின்னப் பையன் டம்ளரை நீட்டிக்கினு இருந்தான். அவ ஊத்தறா, டம்ளர் இங்க இருக்கு, தண்ணி அங்க விழுது. அவன் சிரிச்சான். அவளும் சிரிச்சா. அப்புறம் டம்ளர் விளிம்பை விரலால தொட்டுப் பார்த்துக்கினு ஊத்தினா. நான் எதிர்வரிசையில உக்காந்து பார்த்துக்கினு இருந்தேன். இலையைப் பாதியில மூடினேன். உப்பு ஜாஸ்தின்னு எழுந்து போயிட்டேன்.

அஞ்சாவது ரவுண்டுல எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு சார்.

நல்லாக் கேட்டுச்சு. குளிருக்குக் கேக்கலன்னு தெரியும். என் கை தோளுக்குப் போச்சு. போனதும் எங்கப்பா கை ஞாபகம் வந்துடுச்சு, அந்தத் தெருமுனையில போற கை. அத்தனை பேரு பார்த்துக்கினு இருக்காங்க, பெரிய மனுஷங்க, கோட்டு சூட்டு. அவங்களுக்கு முன்னாடி என் தோள்ல இருந்து துண்டு இறங்கணுமான்னு ஒரு நினைப்பு. ஒரே ஒரு நிமிஷம்தானே குடுப்பாங்க. அந்த நிமிஷத்துல நான் எங்கப்பனை நினைச்சேன். எம் பொண்ணை நினைக்கல.

கிருஷ்ணகிரி வந்துடுச்சா? ஆமா, வந்துடுச்சு. இறங்குங்க, பையை மறந்துடாதீங்க. நீங்க முன்படி வழியாத்தானே இறங்குவீங்க? ஒரு உதவி பண்ணுங்க சார். பெல்ட்டு வேணாம், அது இந்தப் பையிலயே கிடக்கட்டும். இந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கினு போய் அவகிட்ட குடுங்க. அப்பா துண்டைப் போட்டுட்டாருன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க சீட்டு காலியாத்தான் இருக்கும், வர்றதும் வராததும் அவ இஷ்டம்.

சார், ஒரு நிமிஷம். பக்கத்துல நின்னு கூப்பிடாதீங்க, பயந்துடுவா. ரெண்டடி தாண்டிப் போய், திரும்பி, மூஞ்சிக்கு நேரா நின்னு கூப்பிடுங்க. இடது பக்கம் அவளுக்குத் தெரியாது.